கிளட்சின் மேல் இரண்டு விரல்

பெட்ரோலில் ஆள்காட்டி விரலை நனைத்து, கட்டை விரலோடு சேர்த்துத் தேய்த்துப் பார்க்கிறார் ஜெபஷீலா. பிறகு மோந்து பார்க்கிறார். திருப்தி இல்லை. நீலக் கேனை மூடி, நன்றாகக் குலுக்கிவிட்டு, மறுபடியும் அதே சோதனை. எதிரே ஏலக்காய்த் தோட்டத்து சூப்பர்வைசர் ஒருவர் மருந்தடிக்கும் மிஷினோடு கால் மணி நேரமாக நிற்கிறார். "இருங்க, இந்தா வந்துட்டேன்" என்று அவரிடம் சொல்லிவிட்டு, வராமல், கேனின் கைப்பிடியில் சிவப்பு ரப்பர் பேண்டு ஒன்றை மாட்டுகிறார். "சேச்சி, ஜீப்பு போயிரும்" என்று சூப்பர்வைசர் முனகுகிறார். "ஜீப்பு நாளைக்கும் வரும். இஞ்சின் போனா வராது" என்று சொல்லிக்கொண்டே அவருடைய மிஷினைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொள்கிறார்.

போடி பஸ் ஸ்டாண்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் கடை. மருந்தடிக்கும் மிஷின், களை வெட்டும் மிஷின், மரம் அறுக்கும் மிஷின் எல்லாம் விற்கிறார், பழுதும் பார்க்கிறார். முக்கால்வாசி டூ ஸ்ட்ரோக் ரகம். அந்த இஞ்சினுக்கு ஆயில் தனியாகக் கிடையாது. பெட்ரோலிலேயே அளந்து கலந்து ஊற்ற வேண்டும், அது எரிந்து நீலப் புகையாக வெளியே வரும். மறந்துபோய் வெறும் பெட்ரோலை ஊற்றினால் சற்று நேரத்தில் பிஸ்டன் சூடேறி உள்ளேயே பிடித்துக்கொள்ளும். இந்தப் பாவத்தைச் செய்துவிட்டு வருகிறவர்களால்தான் கடை பாதி ஓடுகிறது. உத்தமபாளையம் பக்கம் எனக்குக் கொஞ்சம் தென்னை உண்டு. களை வெட்டும் மிஷினில் வெறும் பெட்ரோலை ஊற்றிவிட்டு நானும் ஒரு நாள் அங்கே போய் நின்றேன். பிஸ்டனைக் கழற்றி என் மூக்குக்கு நேரே நீட்டினார். "பாத்தீகளா சார், எத்தன கோடு விழுந்திருக்கு? இதே மாதிரி ஒங்க கன்னத்துல இழுத்து விட்டா சும்மா இருப்பீகளா?" அன்றிலிருந்து நான் அவருடைய வாடிக்கையாளன்.

கடையில் அவருக்கென்று நாற்காலி கிடையாது. நாற்பத்து நான்கு வயது. உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. காலைப் பலகாரம் கடையில்தான், நின்றபடிதான். ஒரு இட்லிக்கும் அடுத்த இட்லிக்கும் நடுவில் ஒரு கார்புரேட்டரைக் கழுவி முடித்துவிடுவார். கோவிலில் மட்டும் வேறு வழியில்லை, உட்கார்ந்தாக வேண்டும். அங்கேயும் வாசலை ஒட்டிய பெஞ்சின் கடைசி ஓரம்தான் அவர் இடம். பிரசங்கம் நீளும்போது செருப்பு முனை தரையைத் தட்ட ஆரம்பிக்கும், போதகருக்கே கேட்கும் என்கிறார்கள். "ஒக்காந்தா எனக்குத் துருப் பிடிச்சிரும் சார்" என்பது அவர் கட்சி. பக்கத்தில் நிற்கிற நமக்கும் அந்தப் பரபரப்பு தொற்றிக்கொள்ளும். சும்மா வந்தவன்கூட பத்து நிமிஷத்தில் வேலை இருக்கிறதென்று கிளம்பிவிடுவான்.

இன்னொரு பழக்கமும் உண்டு. எதைப் பிடித்தாலும் இடது கையின் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மட்டும் விலகி நீண்டிருக்கும். டீ கிளாஸைப் பிடித்தாலும் அப்படித்தான், பாட்டுப் புத்தகத்தைப் பிடித்தாலும் அப்படித்தான். ஏதோ வாதம் என்று முதலில் நினைத்தேன். கடையின் பின்கட்டுக்கு என்னைக் கூட்டிப்போய் ஒரு பழைய பெட்ஷீட்டை அவர் உருவிய அன்றைக்குத்தான் காரணம் தெரிந்தது.

உள்ளே நின்றது ஒரு மோட்டோகிராஸ் பைக். மண்ணிலும் மேட்டிலும் பந்தயம் ஓட்டுவதற்கென்றே செய்தது. ஹெட்லைட் கிடையாது, ஹாரன் கிடையாது, நம்பர் பிளேட் கிடையாது, சாவிகூடக் கிடையாது. ரோட்டில் ஓட்டினால் போலீஸ் பிடிக்கும். வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று, முப்பது வருஷத்துக்கு முந்தைய தன் பந்தய வண்டியின் சாயலில், புது இஞ்சின் வைத்துக் கொஞ்சமாகச் செய்து விட்ட சிறப்புப் பதிப்பாம். வெள்ளை உடம்பு, ஊதா சீட்டு, பக்கவாட்டில் ரோஸும் நீலமுமாகக் கிறுக்கல் கோடுகள். வீரபாண்டித் திருவிழா பஞ்சுமிட்டாய் வண்டி மாதிரி இருக்கிறதே என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். "எல்லாரும் அதத்தான் சொல்றாக. ஓடும்போது பாருங்க, அப்புறம் சொல்லுங்க" என்றார்.

பூப்பாறைப் பக்கத்து எஸ்டேட் முதலாளி ஒருவர் மகனுக்காக வரவழைத்த வண்டி அது. மகன் இரண்டு நாள் ஓட்டி, மூன்றாம் நாள் கால் எலும்பை உடைத்துக்கொண்டான். அப்புறம் ஸ்டோரில் ஏலக்காய் மூட்டைகளுக்கு நடுவில் எலி கடிக்கக் கிடந்திருக்கிறது. மிஷின் பழுது பார்க்கப் போன ஜெபஷீலா அதைப் பார்த்தார். போன வேலையை முடிக்காமல் திரும்பியது தன் வாழ்க்கையிலேயே அந்த ஒரு தடவைதான் என்கிறார். அடுத்த வாரம் வண்டி போடிக்கு வந்துவிட்டது. என்ன கொடுத்து வாங்கினார் என்று மட்டும் கேட்கக் கூடாது, கணவரும் கேட்டதில்லையாம்.

கணவர் செல்வின் ஏலக்காய் வியாபாரி. அதே கடையின் முன் மூலையில் ஒரு மேஜை, ஒரு தராசு, நாலைந்து தட்டு. காலையில் உட்கார்ந்தால் மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பார். ஏலக்காயை உள்ளங்கையில் உருட்டுவார், மோப்பார், ஒன்றைக் கடிப்பார், சாம்பிளைச் சின்னச் சின்னப் பொட்டலமாக்கி ரப்பர் பேண்டு போட்டு அடுக்குவார். குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. இந்த இரண்டு பேரையும் ஒரே கூரைக்குக் கீழே கொண்டுவந்தவர் யாரோ, நல்ல தைரியசாலி.

ஞாயிற்றுக்கிழமை முதல் ஆராதனை முடிந்ததும் பைக்கைக் குட்டியானை வேனில் ஏற்றிக் கட்டிக்கொண்டு தேவாரம் போகிற வழியில் உள்ள ஒரு தரிசுக்குப் போவார். பாண்டியராஜன் என்பவருடைய நிலம் அது. ஒரு காலத்தில் பந்தயம் ஓட்டியவர். கிணறு வற்றியதும் நிலத்தை ஜேசிபி வைத்து வளைத்து வளைத்து மண்பாதை ஆக்கிவிட்டார். மூன்று வருஷமாக ஜெபஷீலா அங்கே ஓட்டுகிறார். கோவிலுக்குக் கட்டிய பட்டுச் சேலை குட்டியானை சீட்டில் மடித்துக் கிடக்கும். ஆள் பூட்ஸும் மார்க்கவசமுமாக மண்ணில் பறந்துகொண்டிருப்பார். பறப்பார் என்று நான் சொல்வது ஒரு பேச்சுக்குத்தான். உண்மையில் பறந்ததே இல்லை, அதுதான் அவருடைய குறை.

பாதையின் கடைசியில் ஒரு மேடு இருக்கிறது. முன்பக்கம் ஏற்றம், மேலே ஒரு லாரி நீளத்துக்குச் சமதளம், பின்பக்கம் இறக்கம். வேகமாக ஏறினால் விளிம்பில் வண்டி தரையை விட்டுக் கிளம்பி, சமதளத்துக்கு மேலாகவே போய், அந்தப் பக்கத்து இறக்கத்தில் இறங்க வேண்டும். ஜெபஷீலா வேகமாகத்தான் வருவார். விளிம்புக்கு வந்ததும் அந்த இரண்டு விரலும் கிளட்சைப் பிடித்துவிடும். இஞ்சின் வீணாக அலறும், வண்டி தள்ளாடி மேலேறும், இவர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு இறங்கி வருவார்.

"அந்த ரெண்டு விரல மடக்குங்கக்கா. அரைக் கையால பிடிச்சுக்கிட்டு தாவ முடியாது" என்று பாண்டியராஜன் சொல்லாத ஞாயிறு கிடையாது.

"மடக்கிட்டேன்னு வையி, இஞ்சின் பிடிச்சுக்கிருச்சுன்னா? பின் சக்கரம் அப்படியே நிக்கும், ஆள் அங்கன போயி விழணும். டூ ஸ்ட்ரோக்க நம்பக் கூடாது தம்பி. தெனம் ரெண்டு பிஸ்டன் பாக்குறவ நானு."

இஞ்சின் பிடித்துக்கொண்டால் அந்த நொடியே கிளட்சை இழுத்துவிட வேண்டும். அப்படிச் செய்தால் சக்கரம் தப்பிக்கும். அதற்காகத்தான் விரல்கள் எப்போதும் தயாராக நிற்கின்றன, டீ குடிக்கும்போதுகூட. ஏன் அந்த மேட்டையே பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள் என்று ஒரு நாள் கேட்டேன். ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தவர் அதிசயமாகக் கையை நிறுத்தினார். "ரெண்டு சக்கரமும் மண்ண விட்டுப் போற அந்த நேரத்துல, ஒடம்பு அப்படியே அமைதியாயிரும்னு பாண்டி சொல்றாப்ல. ஒரு நொடிதானாம். எனக்கு அது வேணும் சார். பொறந்ததுலருந்து நான் அமைதியா இருந்ததே இல்ல." அவர் உடனே அடுத்த ஸ்பேனரை எடுத்துக்கொண்டார்.

போன ஜூன் மாதம், மேல்காத்து ஆரம்பித்த சமயம், பாண்டியராஜன் ஒரு சின்ன ஓட்டம் ஏற்பாடு செய்தார். கம்பம், தேனி, பெரியகுளம் பக்கத்து ஆட்கள் பதினைந்து பேர் வந்திருந்தார்கள். அன்றைக்கு மேட்டைத் தாண்டியே தீருவதென்று ஜெபஷீலா முடிவு செய்திருந்தார். "நான் வந்தா நீ விழுவ" என்று மூன்று வருஷம் தட்டிக் கழித்த செல்வினும் அன்று முதன்முறையாக வந்தார். கோவிலுக்குப் போட்ட வெள்ளைச் சட்டையோடு, வெயிலுக்குக் குடை பிடித்தபடி, புழுதிக்கு நடுவில் நின்றார். "நான் எதாச்சும் செய்யட்டுமா ஷீலா?" என்று மூன்று தடவை கேட்டார்.

பிரசங்கம் நீண்டுவிட்டதால் வந்ததே தாமதம். பூட்ஸை இறுக்கிக்கொண்டிருந்த ஜெபஷீலா, "டேங்க்ல ஊத்தி விடுங்க. ரெண்டு கேன் இருக்கும். ரப்பர் பேண்டு போட்டது" என்றார். பாண்டியராஜனின் ஜெனரேட்டருக்காக வெறும் பெட்ரோல் கேன் ஒன்றும் வண்டியில் வந்திருந்தது. அளவிலும் நிறத்திலும் இரண்டும் ஒன்று. ரப்பர் பேண்டு போட்டதுதான் ஆயில் கலந்தது. செல்வின் ரப்பர் பேண்டு போட்ட கேனைத்தான் எடுத்தார். புனல் வைத்துச் சொட்டுச் சிந்தாமல் ஊற்றினார், டேங்கைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டார். ஆராதனையில் காணிக்கைத் தட்டு ஏந்துகிறவருடைய முகம் மாதிரி இருந்தது அவர் முகம்.

முதல் சுற்று நன்றாகப் போனது. இரண்டாம் சுற்றில் மேட்டுக்கு நேரே வரும்போது, "என்னய்யா இது, பின்னாடி புகையே இல்ல?" என்றார் பாண்டியராஜன். அவர் சொல்லி முடிக்கவில்லை, இஞ்சினின் குரல் மெலிந்து, இறுகி, சட்டென்று அறுந்தது. அந்த இரண்டு விரலும் கிளட்சை இழுத்துவிட்டன. வண்டி சத்தமே இல்லாமல் ஏற்றத்தில் பாதி தூரம் உருண்டு நின்றது. ஒரு நொடி தப்பியிருந்தால் விளிம்பில் குப்புற விழுந்திருப்பார்.

ஜெபஷீலா இறங்கினார். டேங்க் மூடியைத் திறந்தார். கையுறையைக் கழற்றி விரலை நனைத்து, தேய்த்து, மோந்தார். வெறும் பெட்ரோல். நிமிர்ந்து கணவரைப் பார்த்தார்.

"நேத்து சாயங்காலம் சாம்பிள் பொட்டலம் கட்ட ரப்பர் பேண்டு தீந்துபோச்சு" என்றார் செல்வின். குடை ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. "கேன்ல இருந்தத எடுத்துக் கட்டுனேன். அப்புறம் நீ தேடுவியேன்னு வேற ஒண்ணு வாங்கியாந்து மாட்டிட்டேன். ரெண்டு கேனும் பக்கத்துல பக்கத்துல இருந்துச்சு."

ஏதாவது திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பைக்கை ஏற்றி, கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

பிஸ்டன் போயிருந்தது. புதியது வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். எட்டு வாரம் அதற்காகக் காத்திருந்த ஜெபஷீலாவைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. கடை ஷட்டருக்கு இரண்டு தடவை பெயிண்ட் அடித்தார். கோவில் ஜெனரேட்டரைக் கழற்றி மாட்டினார். நன்றாக ஓடிக்கொண்டிருந்த என் களை வெட்டும் மிஷினைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, சத்தம் சரியில்லை என்றார். செல்வினிடம் சாப்பாட்டைப் பற்றியும் கரண்ட் பில்லைப் பற்றியும் மட்டும் பேசினார்.

இதற்கு நடுவில் செல்வினின் அக்கா அன்னத்தாய் ஒரு நாள் கடைக்கு வந்தார். என்னையும் வைத்துக்கொண்டே, "நல்லதாப் போச்சுன்னு வச்சுக்க ஷீலா. என் தம்பி அத வேணும்னே செஞ்சிருந்தாலும் நான் தப்புச் சொல்ல மாட்டேன். பொண்டாட்டி கழுத்த முறிச்சுக்குறத எந்த ஆம்பள பாத்துக்கிட்டு இருப்பான்?" என்று ஏதோ நல்லது சொன்ன மாதிரிச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஜெபஷீலாவின் கை அப்படியே நின்றது. மேஜை மூலையில் செல்வின் குனிந்து ஏலக்காயைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். அவர் காதிலும் விழுந்திருக்கும்.

"கேட்டுப் பார்த்துவிட வேண்டியதுதானே?" என்றேன் பிறகு ஜெபஷீலாவிடம்.

"கேட்டா அவுக பதில் சொல்லிருவாக சார். அந்தப் பதில நான் நம்பணுமில்ல?"

செல்வினும் என்னிடம் பேசினார், டீக்கடையில். "மூக்கு இருந்து என்ன சார் பிரயோசனம்? முப்பது வருசம் ஏலக்காய மோந்து மோந்து, எனக்கு எல்லாமே ஏலக்காயாத்தான் மணக்குது. கேன மோந்து பாத்திருந்தாலும் தெரிஞ்சிருக்காது. அவ கேட்டா இதச் சொல்லலாம்னு இருக்கேன். கேக்க மாட்டேங்குறா." அவர் பொட்டலங்களுக்கு ரப்பர் பேண்டு போடுவதையே விட்டுவிட்டார், வெள்ளை நூல்தான். கேன்கள் இருக்கிற மூலைப் பக்கம் போவதே இல்லை. பின்கட்டுக்குப் போக வேண்டியிருந்தால் கடைக்கு வெளியே இறங்கிச் சந்து வழியாகச் சுற்றிப் போனார்.

ஆகஸ்டில் பிஸ்டன் வந்தது. இரண்டே நாளில் மாட்டி முடித்துவிட்டார். அடுத்து வந்த சனிக்கிழமை நான் கடையில் இருந்தேன். ஜெபஷீலா ஆயில் டப்பாவையும், அளந்து ஊற்ற வைத்திருக்கும் குழந்தைப் பால் பாட்டிலையும், நீலக் கேனையும் தூக்கிக்கொண்டு வந்தார். ஆயில் கலக்கிற வேலையை இதுவரை வேறு யாரிடமும் இவர் விட்டதில்லை. செல்வினின் மேஜைமேல், ஏலக்காய்த் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"நாலு லிட்டரு. லிட்டருக்கு இருபத்தஞ்சு மில்லி. கலந்து வைங்க. எனக்கு வெளிய சோலி கெடக்கு."

வெளியே ஒரு சோலியும் இல்லை. ரோட்டைத் தாண்டிப் போய் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். செல்வின் பாட்டிலை மேஜைமேல் வைத்து, கண்ணை அதன் கோட்டுக்கு நேரே இறக்கி, ஆயிலைச் சொட்டுச் சொட்டாக விட்டார். கூடிவிட்டதோ என்று திருப்பி ஊற்றினார், மறுபடி அளந்தார். கேனை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக் குலுக்கினார். பிறகு டிராயரை எல்லாம் தேடி ஒரு சிவப்பு ரப்பர் பேண்டை எடுத்து, கைப்பிடியில் மூன்று சுற்றாகச் சுற்றினார். நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது. "சார், நீங்க ஒரு தடவ தேச்சுப் பாத்துச் சொல்லுங்களேன்" என்று என்னைக் கெஞ்சினார். வெறும் பெட்ரோல் ஊற்றிக் கடைக்கு வந்தவனிடம் போயா கேட்பது என்று சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

மறுநாள் தரிசில் எங்களைத் தவிரப் பாண்டியராஜன் மட்டும்தான். காற்று ஆளைத் தள்ளிக்கொண்டிருந்தது. ஜெபஷீலா கேனை எடுத்தார், ரப்பர் பேண்டை உருவிப் பையில் போட்டுக்கொண்டார், மூடியைத் திறந்தார். விரலை நனைப்பார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நனைக்கவில்லை. மோந்தும் பார்க்காமல் கடகடவென்று டேங்கில் ஊற்றி மூடினார். செல்வின் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் ஜெபஷீலா கிக்கரை உதைத்துவிட்டார்.

நீலப் புகை நன்றாகவே வந்தது. ஆனால் போன தடவையும் முதல் சுற்று நன்றாகத்தான் போனது. செல்வின் மேட்டின் இடதுபக்கம் என் அருகே வந்து நின்றுகொண்டார். முதல் சுற்று போனது, இரண்டாவதும் போனது. மூன்றாவதில் தூரத்திலேயே சத்தம் கூடிவிட்டது. ரோஸும் நீலமுமாக வண்டி வளைவில் சாய்ந்து நிமிர்ந்தது, மேட்டுக்கு நேரே வந்தது. செல்வின் என் முழங்கையைப் பிடித்தார். பத்தடி தூரத்தில் ஜெபஷீலா எங்களைக் கடந்து ஏறும்போது நாங்கள் இரண்டு பேருமே பார்த்தது அவருடைய இடது கையைத்தான். ஐந்து விரலும் கைப்பிடியைச் சுற்றி மடங்கியிருந்தன.